இல்லத்திற்கு ஏற்ற தூசு உறிஞ்சி

வைகறையில் துயிலெழுந்து, வாயிலில் நீர் தெளித்து, வீட்டைக் கூட்டிப் பெருக்குதல் நம் முன்னோர் வழிவழியாகப் போற்றி வந்த நல்வழக்கமாகும். “சுத்தம் சோறு போடும்” என்னும் பழமொழியை அறியாதவர் நம்மில் எவருமிலர். தோட்டப்புற லயன் வீடுகளில் நம் பாட்டன்மார் வாழ்ந்த காலத்தில், ஈர்க்கு விளக்குமாறு ஒன்றும் புல் துடைப்பம் ஒன்றும் ஒரு குடும்பத்திற்குப் போதுமானவையாக இருந்தன. அன்றைய வீட்டில் சிமெண்டுத் தரையோ பலகைத் தரையோதான் இருந்தது. படுக்கையாகப் பாய் இருந்தது. விடிந்ததும் அதனை உதறிச் சுருட்டி வைத்துவிடுவர்.

இன்று நம்மிற் பலர் வீடமைப்புப் பகுதிகளிலும் அடுக்குமாடி வீடுகளிலும் குடியிருக்கிறோம். மெத்தை, சோபா, திரைச்சீலை, கம்பளம் முதலியவை நம் வீடுகளுக்குள் வந்துவிட்டன. குளிர்சாதனத்திற்காகச் சன்னல்களையும் அடைத்து வைக்கிறோம். தூசு தங்குவதற்கு இடம் பெருகிவிட்டது. அது வெளியேறுவதற்கு வழி குறைந்துவிட்டது. ஆகவேதான், மலாய்மொழியில் ‘பெஞெடுட் ஹம்பாகாஸ்’ என்றும், தமிழில் ‘தூசு உறிஞ்சி’ என்றும் வழங்கப்பெறும் மின்கருவியைப் பல குடும்பத்தினர் வாங்க விரும்புகின்றனர்.

கடைக்குச் சென்றால் சிறிதும் பெரிதுமாகப் பல கருவிகள் வரிசையாக நிற்கின்றன. எதனை வாங்குவது? விலையைப் பார்ப்பதா, அழகைப் பார்ப்பதா, பெட்டியின்மேல் பெரிய எழுத்தில் அச்சிட்டுள்ள ‘வாட்’ எண்ணைப் பார்ப்பதா? இவையனைத்திற்கும் முன்னதாகக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. “இக்கருவி இழுத்துக்கொள்ளும் தூசு இறுதியில் எங்கே போகிறது?” என்பதே அது. இதன் சிறப்பினை எனக்கு உணர்த்தியவள் என் மாணவி ஒருத்தி.

ஒரு மாணவியின் இளைப்பு

சில ஆண்டுகளுக்கு முன், நான்காம் ஆண்டில் பயின்ற அம்மாணவி திங்கட்கிழமைதோறும் மூச்சிளைப்புடன் பள்ளிக்கு வருவாள். செவ்வாய், புதன் ஆகிய நாள்களில் தேறிவிடுவாள். அடுத்த திங்கட்கிழமை மீண்டும் இளைப்பாள். பள்ளிக்கு வர மனமில்லாமல் சாக்குச் சொல்கிறாளோ என்று நானும் ஒருமுறை ஐயுற்றேன். அதனை நினைத்தால் இன்றும் வருந்துகிறேன்.

அவள் தாயாரை அழைத்து விசாரித்தேன். “ஐயா, ஞாயிற்றுக்கிழமை முழு வீட்டையும் சுத்தம் செய்வோம். இவளுக்கு ஆஸ்துமா இருப்பதால் தூசு ஆகாது என்று இவள் அப்பா மலிவு விலையில் ஒரு மெஷின் வாங்கி வந்தார். இவளே ஆசையாக அதை எடுத்துச் சோபா, மெத்தை எல்லாம் இழுப்பாள். அப்படியிருந்தும் இளைப்பு அதிகமாகத்தான் ஆகிறது” என்றார் அவ்வம்மையார்.

பின்னர் அவர்கள் மருத்துவரிடம் சென்றபோது, “அந்தக் கருவியின் பின்புறம் வெளிவரும் காற்றுக்கு நேராக ஈரமான வெள்ளைத் துணியைப் பிடித்துப் பாருங்கள்” என்று அவர் கூறினாராம். அன்று மாலை தந்தையார் அவ்வாறே செய்தார். சிறிது நேரத்தில் துணி சாம்பல் நிறமாயிற்று. கருவி முன்புறம் தூசியை இழுத்தது உண்மையே. ஆனால் பெருந்தூசியை மட்டும் வைத்துக்கொண்டு, கண்ணுக்குத் தெரியாத நுண்தூசியைப் பின்புறமாக அறைக்குள்ளேயே வீசிவிட்டது. தரையில் அமைதியாகக் கிடந்த தூசி, அச்சிறுமியின் மூச்சுக்கு எட்டும் உயரத்தில் பறந்துகொண்டிருந்தது. பெற்ற பிள்ளையின் நலனுக்காக வாங்கிய பொருளே அவளுக்குத் தீங்காய் முடிந்தது.

கருவி பிறந்த கதை

வியப்பு யாதெனில், இக்கருவியின் வரலாறே இக்கேள்வியிலிருந்து பிறந்ததாகும். 1901-ஆம் ஆண்டில், இலண்டன் மாநகரில் துப்புரவுக் கருவி ஒன்று மக்களுக்கு இயக்கிக் காட்டப்பெற்றது. அது காற்றைப் பீய்ச்சித் தூசியைக் கிளப்பும் கருவி. அதனைக் கண்ட ஹியூபர்ட் செசில் பூத் என்னும் பொறியாளர், ஊதுவதற்கு மாறாக உறிஞ்சினால் என்ன என்று எண்ணினார். உணவகம் ஒன்றில் நாற்காலியின்மீது தம் கைக்குட்டையை விரித்து, அதன்மேல் வாயை வைத்துக் காற்றை உறிஞ்சினார். அவருக்குப் புரையேறிற்று, ஆனால் கைக்குட்டையின் அடிப்புறத்தில் அழுக்கு வட்டமாகப் படிந்திருந்தது. காற்றை விட்டுத் தூசியை மட்டும் தடுத்து நிறுத்த ஒரு துணி போதும் என்பதை அவர் கண்டுகொண்டார். அவர் அமைத்த பெரிய கருவியைக் குதிரை வண்டியில் ஏற்றிச் சென்று தெருவில் நிறுத்தி, நீண்ட குழாய்களைச் சன்னல் வழியாக வீடுகளுக்குள் செலுத்தித் துப்புரவு செய்தனர். 1902-இல் ஏழாம் எட்வர்டு மன்னரின் முடிசூட்டு விழாவிற்கு முன்னர், வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்தின் கம்பளங்களைத் துப்புரவு செய்ததும் அக்கருவியே.

அதனை வீட்டிற்குள் கொண்டுவந்தவர் ஓர் ஏழைத் தொழிலாளி. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், கேன்டன் நகரத்துக் கடையொன்றில் துப்புரவுப் பணியாளராக இருந்த ஜேம்ஸ் மரே ஸ்பேங்ளர் ஆஸ்துமா நோயால் துன்புற்றார். கம்பளம் பெருக்குந்தோறும் எழுந்த தூசி அவரை வருத்திற்று. வேலையை விட்டால் வருவாயில்லை. விடாவிட்டால் மூச்சில்லை என்னும் நிலை. அவர் மின்விசிறி மோட்டார், துடைப்பக் கைப்பிடி, தலையணை உறை ஆகியவற்றை இணைத்து, 1907-இல் கையால் தள்ளிச் செல்லக்கூடிய கருவி ஒன்றை உருவாக்கினார். 1908-இல் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். வில்லியம் ஹூவர் என்பவர் அவ்வுரிமையை வாங்கிப் பெருந்தொழிலாக வளர்த்தார்.

மாணவ மணிகளே, பூத்தின் கைக்குட்டையையும் ஸ்பேங்ளரின் தலையணை உறையையும் நினைவிற் கொள்ளுங்கள். இழுப்பது மோட்டாரின் வேலை. பிடித்து வைப்பது துணியின் வேலை. இரண்டும் செவ்வனே நடந்தால்தான் அது நல்ல கருவி.

கருவி இயங்கும் முறை

நம்மைச் சுற்றியுள்ள காற்று ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரின்மீதும் ஏறத்தாழ 1 கிலோகிராம் எடை வைத்தாற்போல் அழுத்திக்கொண்டிருக்கிறது. கருவியினுள் இருக்கும் விசிறி நிமிடத்திற்கு 20,000 தடவைக்கும் மேலாகச் சுழன்று, உள்ளிருக்கும் காற்றை வெளியே தள்ளுகிறது. அதனால் உள்ளே அழுத்தம் குறைகிறது. வெளிக்காற்று அக்குறையை நிரப்பக் குழாய் வழியாகப் பாய்ந்து செல்லும்போது, வழியிலுள்ள தூசியையும் அள்ளிச் செல்கிறது. நீங்கள் உறிஞ்சுகுழலால் இளநீர் பருகும்போது நிகழ்வதும் இதுவே.

உள்ளே சென்ற காற்று அங்கேயே தங்கிவிட முடியாது. எவ்வளவு காற்று நுழைகிறதோ அவ்வளவும் மீண்டும் வெளியேறியே ஆகவேண்டும். அவ்வாறு வெளியேறும் காற்றைத் தூய்மைப்படுத்துவது வடிகட்டி. ஆகவே கருவியின் உயிர்நிலை மோட்டாரில் பாதியும் வடிகட்டியில் பாதியும் இருக்கின்றது எனலாம்.

தூசியில் என்ன இருக்கிறது?

வீட்டுத் தூசியில் மண் துகள், துணி நூல், நம் உடலிலிருந்து உதிரும் தோற்செதில், கரப்பான்பூச்சியின் எச்சம், சாலைப்புகையின் கரி ஆகியவை கலந்துள்ளன. இவற்றோடு தூசு உண்ணி என்னும் எட்டுக்கால் நுண்ணுயிரும் வாழ்கிறது. அது ஒரு மில்லிமீட்டரில் மூன்றிலொரு பங்கு நீளமே உடையது. அதன் உணவு நம் தோற்செதில். அதற்கு உகந்தது ஈரமான வெப்பக் காற்று. நம் நாட்டின் தட்பவெப்பம் அதற்கு மிகவும் ஏற்றது. மெத்தை, தலையணை, சோபா ஆகியவையே அதன் வாழிடங்கள். அது கடிப்பதில்லை. ஆயினும் அதன் எச்சம் காற்றில் கலந்து மூச்சில் புகும்போது, ஒவ்வாமை உள்ளவர்களுக்குத் தும்மலும் இளைப்பும் உண்டாகின்றன.

நம் தலைமுடி ஏறத்தாழ 70 மைக்ரான் தடிப்புடையது. ஒரு மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தூசு உண்ணியின் எச்சம் ஏறத்தாழ 20 மைக்ரான் இருக்கும். அது உடைந்து இன்னும் சிறிதாகும். புகைமூட்டக் காலத்துத் துகள்களோ 2.5 மைக்ரானுக்கும் குறைந்தவை. 2013-ஆம் ஆண்டு ஜூன் 23-ஆம் நாள், நம் ஜொகூர் மாநிலத்து மூவாரில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 746-ஐ எட்டியதால், மூவாரிலும் லேடாங்கிலும் அவசரநிலை அறிவிக்கப்பெற்றது. குறியீடு 300-ஐக் கடந்தாலே ஆபத்து என்பர். அத்தகைய நுண்துகள்கள் சாதாரணத் துணிப்பையின் கண்களில் எளிதாகப் புகுந்து வெளியேறிவிடும்.

இவற்றைத் தடுப்பதற்கென்றே ‘ஹெப்பா’ எனப்படும் வடிகட்டி உள்ளது. 0.3 மைக்ரான் அளவுள்ள துகள்களில் 99.97 விழுக்காட்டைத் தடுத்து நிறுத்துவது அதன் அமெரிக்கத் தர அளவு. ஐரோப்பியத் தர வரிசையில் எச்-13 என்பது ஏறத்தாழ அதற்கு இணையானது. ‘ஹெப்பா போன்றது’, ‘ஹெப்பா வகை’ என்று மட்டும் எழுதியிருப்பின், தர எண் யாதெனக் கேட்டறிதல் வேண்டும். வடிகட்டி நன்றாயிருந்தும், கருவியின் மூடி இறுக்கமாகப் பொருந்தாவிட்டால் தூசி இடுக்கு வழியே தப்பிவிடும். ஆதலால் மூடியின் ஓரத்தில் ரப்பர் வளையம் உள்ளதா என்றும் பார்க்க வேண்டும்.

பை உள்ளதா, பை இல்லாததா?

பை உள்ள கருவியில் தூசி தாள்பையிலோ துணிப்பையிலோ சேர்கிறது. பை நிறைந்ததும் அதனை அப்படியே எடுத்து எறிந்துவிடலாம். தூசி நம் முகத்தில் படாது. ஆனால் புதிய பைகளைத் தொடர்ந்து வாங்க வேண்டும். பை நிறைய நிறைய இழுவிசையும் குறையும்.

இக்குறையை நீக்க முயன்றவர் ஜேம்ஸ் டைசன் என்னும் ஆங்கிலேயர். மர ஆலைகளில் காற்றைச் சுழலவிட்டு மரத்தூளைப் பிரிக்கும் முறையைக் கண்டு, அதனைச் சிறிய கருவியில் அமைக்க முனைந்தார். 5,127 மாதிரிகளைச் செய்து பார்த்த பின்னரே அவர் வெற்றி கண்டார். முயற்சி திருவினையாக்கும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ! 1993-இல் அவருடைய பையில்லாக் கருவி பிரித்தானியாவில் விற்பனைக்கு வந்தது. 2002-இல் அந்நிறுவனம் தூசு உறிஞ்சி உற்பத்தியை மலேசியாவுக்கு மாற்ற முடிவெடுத்தது. அதன் பயனாக நம் ஜொகூர் மாநிலத் தொழிற்சாலைகளும் அக்கருவிகளை உருவாக்கி உலகிற்கு அனுப்பலாயின.

பையில்லாக் கருவியில் பை வாங்கும் செலவு இல்லை. ஆனால் தூசிக் கலத்தை நாமே கொட்டிக் கழுவ வேண்டும். ஆஸ்துமா உள்ளவர் இருக்கும் வீட்டில், அக்கலத்தை வேறொருவர் வீட்டிற்கு வெளியே கொண்டுசென்று கொட்டுதல் வேண்டும். அதற்கு ஆளில்லையெனில், பை உள்ள கருவியே நன்று.

வாட் எண்ணும் இழுவிசையும்

‘2,000 வாட்’ என்று எழுதியிருந்தால் அக்கருவி வலிமையானது என்று பலர் எண்ணுகின்றனர். வாட் என்பது கருவி உண்ணும் மின்சாரத்தின் அளவேயன்றி, அது செய்யும் வேலையின் அளவன்று. நிறைய உண்பவனெல்லாம் நிறைய உழைப்பவன் ஆவதில்லையே! ஐரோப்பிய ஒன்றியம் 2014-இல் தூசு உறிஞ்சிகளின் மின்னளவை 1,600 வாட்டுக்கும், 2017-இல் 900 வாட்டுக்கும் குறைவாக இருக்கவேண்டுமெனக் கட்டுப்படுத்திற்று. குறைந்த மின்சாரத்தில் நன்கு தூய்மைப்படுத்தும் கருவிகளை அமைக்க இயலும் என்பதனால்தான் அவ்வாறு செய்தனர்.

1,000 வாட் கருவி ஒரு மணி நேரம் இயங்கினால் 1 யூனிட் மின்சாரம் செலவாகும். 2,000 வாட் கருவிக்கு அதே நேரத்தில் 2 யூனிட் செலவாகும். இழுவிசையை அறிய, கிலோபாஸ்கல் அளவையும், ஒரு நொடியில் எத்தனை லிட்டர் காற்று பாய்கிறது என்னும் அளவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒன்று மட்டும் மிகுந்து மற்றொன்று குறைந்திருப்பின் பயனில்லை.

எவ்வீட்டிற்கு எக்கருவி?

மெத்தை, சோபா, கம்பளம் மிகுந்த வீட்டிற்குச் சக்கரத்தில் உருளும் குழாய்க் கருவி ஏற்றது. அதன் இழுவிசை நிலையாக இருக்கும். ஓடு பதித்த தரையும் சிறிய அறைகளும் உள்ள அடுக்குமாடி வீட்டிற்கு மின்கம்பியில்லாக் கோல் கருவி போதும். ஆனால் அதன் மின்கலம் உச்ச வேகத்தில் சில நிமிடங்களுக்கே தாங்கும். சில ஆண்டுகளில் வலுவிழந்தும் போகும். மின்கலத்தைத் தனியே மாற்ற இயலுமா, அதன் விலை என்ன என்பவற்றை வாங்கும் முன்னரே கேட்டறிக.

தானே உருண்டு பெருக்கும் கருவி 2001-ஆம் ஆண்டு முதல் விற்பனைக்கு வந்தது. நாள்தோறும் தரையை மேலோட்டமாகப் பெருக்க அது உதவும். எனினும் அது படியேறாது, மெத்தைமீதும் ஏறாது. தரையில் கிடக்கும் கம்பிகளும் விளையாட்டுப் பொருள்களும் அதனைச் சிக்கவைக்கும்.

நீரையும் இழுக்கவல்ல ஈர-உலர் கருவி தனிவகை. 2023-ஆம் ஆண்டு மார்ச் மாத வெள்ளத்தில் பத்து பகாட், சிகாமட் வட்டார மக்கள் பட்ட துன்பத்தை நாம் மறக்கவில்லை. வெள்ளம் புகும் பகுதியில் வாழ்வோர்க்கு அவ்வகை பயன்தரும். சாதாரணக் கருவியால் நீரை இழுத்தல் பெருந்தவறு, மின்தாக்குதல் நேரக்கூடும். வெள்ளம் வடிந்த வீட்டில், மின்பணியாளர் இணைப்புகளைச் சோதிக்கும்வரை எந்த மின்கருவியையும் இயக்குதல் ஆகாது.

நம் இல்லங்களுக்கே உரிய எச்சரிக்கைகள் சிலவும் உள. பூசையறையில் சிந்திய திருநீறும், வாயிலில் இட்ட கோலமாவும் மிக நுண்ணிய பொடிகள். அவை வடிகட்டியை விரைவில் அடைத்துவிடும். அவற்றை ஈரத்துணியால் துடைத்தெடுப்பதே சிறந்தது. சாம்பிராணித் தணல், ஊதுவத்திச் சாம்பல், தீபாவளிப் பட்டாசுக் குப்பை ஆகியவற்றைக் கருவியால் ஒருபோதும் இழுக்கலாகாது. சாம்பலுக்குள் மறைந்திருக்கும் ஒரு சிறு பொறி, காற்றோட்டம் பட்டதும் கனன்று, பையையே எரித்துவிடும்.

வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை

1. சிரிம் நிறுவனத்தின் சான்று ஒட்டும், பாதுகாப்பான மூன்றுமுனைச் செருகியும் உள்ளனவா என்று பார்க்கவும்.

2. வீட்டில் அதனை இயக்கப் போகிறவர் எவரோ அவரே கடையில் தூக்கிப் பார்க்க வேண்டும். தாயார் மாடிப்படியில் தூக்க முடியாத கருவி, சில நாள்களில் மூலையில் முடங்கிவிடும்.

3. கடையிலேயே இயக்கச் சொல்லி, பின்புறக் காற்றைக் கையால் உணர்ந்து, இரைச்சலையும் கேட்டுப் பார்க்கவும்.

4. பை, வடிகட்டி ஆகியவற்றின் விலையையும், அவை எங்கே கிடைக்கும் என்பதையும், பழுதுபார்க்கும் நிலையம் அருகில் உள்ளதா என்பதையும் கேட்டறியவும்.

5. வீடு தேடி வரும் விற்பனையாளர் மெத்தையிலிருந்து ஒரு கைப்பிடித் தூசியை எடுத்துக் காட்டினால் அஞ்சிக் கையொப்பமிட்டுவிட வேண்டா. எந்த நல்ல கருவியும் எந்த மெத்தையிலிருந்தும் தூசி எடுக்கும். மாதத் தவணையைப் பெருக்கி மொத்த விலையைக் கணக்கிட்டுப் பார்க்கவும். 1993-ஆம் ஆண்டின் நேரடி விற்பனைச் சட்டத்தின்படி, இத்தகைய ஒப்பந்தத்தை 10 வேலை நாள்களுக்குள் இரத்துச் செய்ய வாங்குபவருக்கு உரிமை உண்டு.

கருவியால் ஆகாதவை

எவ்வளவு சிறந்த கருவியாயினும் அதனால் தூசு உண்ணிகளை முற்றிலும் ஒழித்துவிட முடியாது. அவை மெத்தையின் ஆழத்தில் பற்றிக்கொண்டிருக்கும். படுக்கை விரிப்பையும் தலையணை உறையையும் வாரந்தோறும் 60 பாகை வெந்நீரில் துவைத்தல், அவற்றை வெயிலில் நன்கு உலர்த்துதல், மெத்தைக்கு இறுக்கமான உறையிடுதல் ஆகியவையும் உடன் நடைபெற வேண்டும். புகைமூட்டக் காலத்தில் உலர்துடைப்பத்தால் பெருக்காமல், ஈரத்துணியால் துடைத்தல் நலம். முற்றத்திற்கும் வாயிலுக்கும் இன்றும் விளக்குமாறே தக்கது. கருவி வந்துவிட்டது என்பதற்காகப் பாட்டியின் பழைய நல்வழக்கங்களைக் கைவிட வேண்டுவதில்லை. பாயை உதறி வெயிலில் காயவைத்த அவர் அறிவு இன்றைய அறிவியலுக்கும் உடன்பாடானதே.

அம்மாணவியின் பெற்றோர் பின்னர்ப் பை உள்ள, தரமான வடிகட்டி பொருத்திய கருவி ஒன்றை வாங்கினர். விலையில் அது நடுத்தரமானதே. மெத்தைக்கு உறையிட்டனர். அவள் பள்ளிக்குச் சென்ற பிறகு தாயார் வீட்டைத் துப்புரவு செய்து, சன்னல்களைத் திறந்து வைத்தார். மருத்துவர் தந்த மூச்சு மருந்தையும் அவள் தவறாது பயன்படுத்தினாள். நோய் முற்றிலும் நீங்கிவிட்டது என்று கூறமாட்டேன். மழைக்காலத்தில் அவள் சற்றே இளைத்ததுண்டு. ஆனால் திங்கட்கிழமைக் காலைச் சபைகூடலில் நாட்டுப்பண் பாடுகையில், முன்வரிசையில் நின்ற அவள் குரல் தடையின்றி ஒலித்ததை நான் கேட்டேன்.

ஆகவே, மாணவச் செல்வங்களே, உங்கள் பெற்றோர் கருவி வாங்கக் கடைக்குச் செல்லும் நாளில் நீங்களும் உடன் செல்லுங்கள். விற்பனையாளர் இழுவிசையைப் புகழ்ந்து பேசட்டும், கேட்டுக்கொள்ளுங்கள். பின்னர்ப் பணிவோடு, “ஐயா, இழுத்த தூசி எங்கே போகிறது?” என்று கேளுங்கள். அதற்குத் தெளிவான விடை கிடைக்கும் கருவியே உங்கள் இல்லத்திற்கு ஏற்றது.